அடையாள அட்டைப் பிரதி யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊர்ப் பெண்கள் குழு மூலமாக நுண்கடன் எடுப்பதற்கென்று என்னுடைய அடையாள அட்டைப் பிரதிகள் ஐந்தைக் குழுத் தலைவியிடம் கொடுத்தேன். பிறகு மனம் மாறி அந்தக் கடனை எடுக்கவில்லை. இப்போது, நான் முன்பின் அறியாத ஒருவரின் கடனுக்குப் பிணை நின்றிருப்பதாக ஒரு நிதிக் கம்பனியிலிருந்து கடிதம் வந்திருக்கின்றது. வீட்டுக்கும் ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, அடுத்த தடவை அவர்கள் படலையடியில் வந்து நின்றால் எந்தக் காகிதத்திலும் கையொப்பமிடாதீர்கள். அயலவர் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் ஒரு தவணையைக் கட்டி அனுப்பிவிடவும் வேண்டாம்; அப்படிக் கட்டினால், கடனை நீங்களே ஏற்றுக்கொண்டதாகப் பின்னர் வாதிட அது இடங்கொடுத்துவிடும்.

அந்தக் கடனுக்கு நீங்கள் பிணை நிற்கவில்லை என்பதை எழுத்தில் மறுத்து, பிணை முறியினதும் அதனுடன் இணைக்கப்பட்ட அடையாள அட்டைப் பிரதியினதும் நகல்களைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நகல்கள் கைக்கு வந்ததும் கையொப்பத்தை மாத்திரமன்றி, எழுதப்பட்டுள்ள தொலைபேசி இலக்கத்தையும் விலாசத்தையும் பாருங்கள், ஏனெனில் களவாகப் பெயரைப் பாவிப்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு வசதியான இலக்கத்தையே அங்கே எழுதுவார்கள். இடையில் உங்கள் அட்டை மாற்றப்பட்டிருந்தால், இணைக்கப்பட்டிருப்பது பழைய அட்டையின் பிரதியா புதியதன் பிரதியா என்பதே அது எந்தக் காலத்தில் உங்கள் கையை விட்டுப் போனது என்பதைக் காட்டிக்கொடுக்கும். போட்டோக் கொப்பி மெஷினின் கறுப்புக் கோடு ஒன்று ஓரத்தில் விழுந்திருந்தால் அதையும் கவனியுங்கள். குழுவுக்குக் கொடுத்த பிரதிகளில் மீதி ஏதும் வீட்டிலிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. போலிக் கையொப்பமிடுவதும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ்க் குற்றங்கள். தமிழ் அரசகரும மொழியாகையால் முறைப்பாட்டைத் தமிழில் பதியுமாறு கேட்பது உங்கள் உரிமை. வேறு மொழியில் எழுதப்பட்டதை, அதில் என்ன இருக்கின்றது என்று அறியாமல் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வருவது இந்தப் பகுதிகளில் நாம் பழக்கமாக்கிக்கொண்ட ஒரு தவறு.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து, அதாவது நாம் ‘கிரிப்’ என்று சொல்வதிலிருந்து, உங்களுடைய அறிக்கையையும் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த கடன்களோடு, உங்கள் பெயரில் பதிவான பிணைகளும் அதில் இருக்கும். பிழையான பதிவை ஆட்சேபித்துத் திருத்தக் கோரலாம். கிரிப் ஒருவரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை, தகவலை மாத்திரமே கொடுக்கின்றது. ஊரில் சிறிய அளவில் கடன் கொடுப்போர் எல்லோரும் அதற்குத் தகவல் அனுப்புவதில்லை என்பதால், அறிக்கை சுத்தமாக வந்தாலும் வேறெங்கும் உங்கள் பெயர் பாவிக்கப்படவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதாயிருந்து உங்கள் கடிதத்துக்குப் பதில் தராவிட்டால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வழக்கு என்று வந்தால், வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகம் இலவசமாக உதவும்.

கேள்வி: வெறும் அடையாள அட்டை இலக்கத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்துவிட முடியும்? பிரதி கொடுக்காமல் இந்தக் காலத்தில் ஒரு வேலையும் நடக்காதே?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இலக்கம் இரகசியம் என்று நினைப்பதுதான் முதற் பிழை. 785123456 என்று தொடங்கி ‘வி’ எழுத்தில் முடியும் பழைய இலக்கமொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 78 பிறந்த ஆண்டு. அடுத்த 512 இலிருந்து 500 ஐக் கழித்தால் 12, அதாவது அந்த ஆண்டின் 12ஆம் நாள். 500 கூட்டப்பட்டிருப்பது பெண் என்பதற்கான அடையாளம். ஆக, 1978 ஜனவரி 12இல் பிறந்த ஒரு பெண். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணிலும் ஆண்டு முழுமையாக வருகின்றதே தவிர, கணக்கு அதேதான். பிறந்த திகதியைச் சொல்லி ‘நான்தான் அவர்’ என்று தொலைபேசியில் நம்பவைக்க முயல்பவருக்கு இதுவே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

பிரதி கொடுக்காமல் இருக்க முடியாது, உண்மைதான். கொடுக்கும்போது, காசோலைக்குக் கீறுவதுபோல இரண்டு சாய்ந்த கோடுகளைக் கீறி, அவற்றின் நடுவே யாருக்கு, என்ன தேவைக்கு, எந்தத் திகதியில் என்று பேனாவால் எழுதுங்கள். முகமும் இலக்கமும் மறைய வேண்டாம், ஆனால் எழுத்து படத்தின் ஓரத்தையாவது தொட்டுச் செல்லட்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதியை மறைத்து இன்னொரு பிரதி எடுத்துவிடுவார்கள். ஐந்து கேட்டால் ஐந்து ஏன் என்று கேளுங்கள். கொமியுனிகேஷன் கடைக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பிரதி எடுத்தால், உங்கள் கண்முன்னே அதை அழிக்கச் சொல்லுங்கள்.

சில மாதங்களுக்கு முன்னர் கல்லடிப் பாலத்தடியில் கச்சான் வாங்கிச் சாப்பிட்டு முடித்து, அதைச் சுற்றித் தந்த கடதாசிச் சரையைப் பிரித்தபோது, உள்ளே ஒரு பெண்ணின் அடையாள அட்டைப் பிரதி, பாதி முகத்தோடும் முழு இலக்கத்தோடும் இருந்தது. கச்சான் விற்றவரில் குற்றமில்லை; பழைய கோவைகளை நிறுவைக்குப் போட்ட அலுவலகத்தில்தான் குற்றம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமே நிறைவேற்றப்பட்டிருக்கின்றது, சரை சுற்றுமிடம்வரை அது இன்னும் வந்து சேரவில்லை.

கேள்வி: தபால் திணைக்களத்தின் பெயரில் வந்த குறுஞ்செய்தியை நம்பி, பொதி பெறுவதற்கென்று வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட்டேன். பணம் இன்னும் போகவில்லை.
– வாசகர், ஏறாவூர்

பதில்: இதை வாசித்து முடிக்கும்வரை காத்திராமல் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவருக்கும் கொடுக்க வேண்டாம். அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கையாளும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 இல் அறிவியுங்கள்.

கேள்வி: என் மகனின் வங்கிக் கணக்கை ஒரு மாதம் தந்தால் இருபதாயிரம் ரூபாய் தருவதாகக் கூட்டாளி ஒருவன் கேட்டு, ஏ.டி.எம். அட்டையையும் வாங்கிப் போய்விட்டான். இதில் பிரச்சினை உண்டா?
– ஒரு தாய், திருக்கோவில்

பதில்: உண்டு. ஏமாற்றப்பட்டவர்களின் பணம் அக்கணக்கில் விழுந்தால், பொலிஸார் முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரையே. கூட்டாளியின் பெயர் வங்கியின் ஏட்டில் எங்கும் இருக்காது. நாளை காலை மகனையும் கூட்டிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போய், அட்டையை இரத்துச் செய்வித்து, அட்டையைக் கொடுத்த திகதியையும் வாங்கியவரின் தொலைபேசி இலக்கத்தையும் குறிப்பிட்டு முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் வங்கியின் முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள். அக்கணக்கில் ஏற்கெனவே தெரியாத பணம் விழுந்திருந்தால் அதில் ஒரு சதத்தையும் எடுக்காமல், அதே முத்திரையிட்ட பிரதியுடன் பொலிஸ் நிலையத்துக்குச் செல்லுங்கள்.