அம்மாவின் கதையைக் காட்சிக்கு வைக்கலாமா?

வணக்கம் சார். திருப்பூரில் டிசைன் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்கு மனநலம் என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய மருந்துச் சீட்டு, அழுதபோது நான் எடுத்த போட்டோ, உடைந்த கண்ணாடி, கறுப்புத் துணி எல்லாம் சேர்த்து ஒரு இன்ஸ்டலேஷன் யோசித்திருக்கிறேன். கைடு நன்றாக இருக்கிறது என்கிறார். எனக்குத்தான் உறுத்துகிறது. (பெயர் வேண்டாம்.)

கண்ணு,

அம்மாவிடம் கேட்டாயா? கடிதத்தில் அந்த வரியே இல்லை, உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். மனநல மையத்தில் சிகிச்சை பெறுபவரின் போட்டோவையோ தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. ஊடகத்துக்கே அப்படியென்றால் மகள் இன்னும் பத்திரமாக இருக்க வேண்டாமா? அதிலும் உன் மார்க்குக்காக என்றால் அம்மா எதற்கும் "சரி சாமி" என்று தலையாட்டிவிடுவார், அதனால் வேண்டாம் என்று சொல்ல இடம் விட்டுக் கேள், மாட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அவருக்குக் காட்டு. மருந்துச் சீட்டு மட்டும் அவர் சரியென்றாலும் வேண்டாம்.

அப்புறம் அந்த உடைந்த கண்ணாடி. அம்மா தன் கஷ்டத்தை அப்படியா சொல்கிறார்? நம் பக்கம் அது உடம்பு வழியாகத்தான் வாய்க்கு வரும். "நெஞ்சு படபடங்குது கண்ணு", "தலை கனமாவே இருக்குது", "கை காலெல்லாம் அசதி". ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமாவின் படைப்புகளை நிறைக்கும் புள்ளிகளும் இப்படி வந்தவைதான். சிறுவயதில் தன் கண்ணுக்குத் தெரிந்த மாயக் காட்சிகளிலிருந்து எடுத்தவை. 1977-ல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனைக்குத் தானாகவே போய்த் தங்கினார், பக்கத்திலேயே ஸ்டுடியோ வைத்துக்கொண்டு வரைந்தார். சிகிச்சையும் வேலையும் சேர்ந்தே நடந்தன. நோவு இருந்தால்தான் கலை வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

உன் அம்மா நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று யோசி. டியூப் லைட்டுக்குக் கீழே பீஸை விரித்து, ஓட்டையோ ஆயில் கறையோ தையல் விட்டுப்போன இடமோ தெரிந்தால் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுகிறார். ஒரு வெள்ளை டி-ஷர்ட்டையும் அதே ஸ்டிக்கரையும் அவர் கையில் கொடு. உடம்பில் எங்கெங்கே தொந்தரவு செய்ததோ அங்கே அவரே ஒட்டட்டும், பிடித்தால் பக்கத்தில் ஒரு வரி எழுதட்டும். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டிக்கர் விழுந்த பீஸை கம்பெனியில் ரிஜெக்ட் என்று தள்ளிவைப்பார்கள், பார்க்கிறவர்கள் அம்மாவையே அப்படி நினைத்துவிடக் கூடாது. அதையும் அவரிடமே பேசு, உன்னையும் என்னையும் விட நல்ல யோசனை அவரிடம் இருக்கும்.

காட்சி நடக்கும் இடத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கண்ணில் படுகிற மாதிரி எழுதி வை. 2022-ல் தொடங்கிய இலவசச் சேவை, 24 மணி நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

கைடு மார்க்கைக் குறைப்பார் என்ற பயம் இருந்தால், பழைய ஐடியாவை ஏன் கைவிட்டாய் என்று ரிப்போர்ட்டில் விவரமாக எழுது. அதுவும் டிசைன் வேலைதான், ஜூரி கேட்டால் தைரியமாகச் சொல்.