பணியில் இருக்கும் போலீஸார் முகத்தை மூடிக்கொள்ளத் தடை வேண்டுமா?

கலிபோர்னியாவில் போலீஸார் முகமூடி அணியத் தடைச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள், நம் ஊருக்கும் அப்படி ஒன்று தேவையா என்பது கேள்வி. தேவை என்பதுதான் என் பதில். நான் வக்கீல் இல்லை. பல்லடம் பக்கம் எட்டுத் தறி போட்டு ஓட்டுகிறவன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுக்குப் பிறகு இந்த விஷயத்தை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

2021 ஆகஸ்ட். லாக்டவுன் தளர்ந்து தறி மறுபடி ஓட ஆரம்பித்த நேரம். என் மச்சான் இரவு பத்தரை மணிக்கு சைசிங் பட்டறையில் இருந்து தறிக்கான பாவு நூல் ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டியில் வந்தான். பைபாஸில் மூன்று பேர் வண்டியை மறித்தார்கள். காக்கி பேன்ட், மேலே வெளிச்சம் பட்டால் மின்னும் ஜாக்கெட், மூக்குக்கு மேல் வரை இறுக்கிக் கட்டிய கர்ச்சீப், தலையில் தொப்பி. ஆர்.சி., இன்சூரன்ஸ், பில் எல்லாம் சரியாக இருந்தது. "எதுக்குங்க சார் இவ்வளவு நேரம் நிக்க வெக்கறீங்க" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். ஸ்டீயரிங்மேல் இருந்த வலது கையில் லத்தியால் ஒரு அடி. ஆள்காட்டி விரல் எலும்பு முறிந்தது. சாவியையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அபராத ரசீது கிடையாது, எழுத்தில் ஒரு வரி கிடையாது.

மறுநாள் காலை நானும் மாமாவும் அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். எங்களை யாரும் விரட்டவில்லை. உட்கார வைத்துத்தான் பேசினார்கள். நேற்று அந்த ரோட்டில் மூன்று பார்ட்டி ரோந்து போயிருக்கிறது, இதில் யார் என்று சொல்லுங்கள் என்றார்கள். மச்சான், "கண்ணு மட்டுந்தானுங்க தெரிஞ்சுது" என்றான். பெயர்ப் பட்டை பார்க்கவில்லையா என்று கேட்டார்கள். சட்டையில் குத்தியிருக்கும் பட்டை ஜாக்கெட்டுக்குள் போய்விட்டால் எங்கே பார்ப்பது? அதற்கும் மேலே போய் மனுக் கொடுத்தோம். ஆள் அடையாளம் தெரியவில்லை என்ற காரணத்தால் மேல் நடவடிக்கை இல்லை என்று முடிந்தது. பொய் சொல்கிறீர்கள் என்று எவரும் சொல்லவில்லை. யார் என்று மட்டும்தான் கேட்டார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மச்சானுக்கு அந்த விரல் இன்னும் முழுதாக மடங்காது. இழை அறுந்தால் முடிச்சுப் போடுவதை இடது கையால் பழகிக்கொண்டான்.

இதற்குச் சட்டமே இல்லையா என்றால், பாதி இருக்கிறது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த 11 நெறிமுறைகளில் முதலாவதே இதுதான்: கைது செய்கிறவரும் விசாரிக்கிறவரும் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். அப்புறம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41பி என்று பிரிவாகவே சேர்த்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 36ஆம் பிரிவு. கைது செய்யும் போலீஸ்காரர் எளிதில் அடையாளம் காணும்படி தன் பெயரைத் துல்லியமாக, கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது. நல்ல வரிதான். ஆனால் அது கைதுக்கு மட்டும். ரோட்டில் வண்டியை நிறுத்துவது கைது இல்லை. முகத்தைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. என் மச்சான் விழுந்தது இந்த இடைவெளியில்தான்.

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் சி.சி.டி.வி. வைக்கச் சொன்னது, பதிவுகளை 18 மாதம் வரை சேமிக்கச் சொன்னது. கேமராவில் தெரிவது கர்ச்சீப் என்றால் 18 மாதம் சேமித்து என்ன செய்வது?

கலிபோர்னியாவில் இது வந்த கதை வேறு. 2025 கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் குடியேற்றத் துறை ஆட்கள் முகத்தை மூடிக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்களைத் தெருவில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தது அரசாங்கமா, ஆள் கடத்துகிறவனா என்றுகூடக் குடும்பத்துக்குத் தெரியாத நிலை. செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மத்திய அரசு அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. மருத்துவ மாஸ்க்குக்கும் ரகசியப் பணியில் இருப்பவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், காந்திபுரம் சிக்னலில் நாள் முழுக்கப் புகையில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர் மாஸ்க் போடக் கூடாதா என்று உடனே கேட்பார்கள். தாராளமாகப் போடட்டும். அவர் நுரையீரலும் நுரையீரல்தான். ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்கும்போது அதைக் கழுத்துக்கு இறக்கி, பெயரைச் சொன்னால் போதும்.

அதே ஆண்டு ஜூன் 14 அன்று மினசோட்டாவில் ஒருவன் போலீஸ் மாதிரி உடுத்தி, முகத்தில் ரப்பர் முகமூடி மாட்டிக்கொண்டு, போலீஸ் வண்டி போன்ற வண்டியில் போய், சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹார்ட்மேனையும் அவர் கணவரையும் அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொன்றான். அமெரிக்காதானே என்று தள்ள முடியவில்லை. சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் நகை, பணம் கொண்டுபோகிறவர்களை "போலீஸ்" என்று சொல்லி மறிக்கும் கும்பல்களைப் பற்றி நாமும் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். உண்மையான போலீஸும் முகத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும் ரோட்டில், அந்தக் கும்பலுக்கு ஒரு கர்ச்சீப் இருந்தால் வேலை முடிந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. காஷ்மீரில் போலீஸ்காரர்களின் வீடு தேடிப் போய்ச் சுட்டிருக்கிறார்கள். அங்கே ஒருவர் முகத்தை மறைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். மப்டியில் கஞ்சாக் கும்பலுக்குள் போகிறவருக்கும் விலக்கு வேண்டும். போனில் வீடியோ எடுத்துப் போட்டு, குடும்பத்தையே இழுத்து வசைபாடும் காலம் என்பதும் உண்மை. பெயர் வேண்டாம் என்றால் பெரிய எழுத்தில் ஒரு எண்ணாவது ஜாக்கெட்டின் முன்னும் பின்னும் இருக்கட்டும். எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது துறையின் வேலை. ஆனால் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் லைசென்ஸ் பார்க்க நிற்கிறவருக்குக் காஷ்மீர்க் காரணம் பொருந்தாது.

எங்கள் பெரியப்பா ஒருவர் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். துறையை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டார். மச்சான் கதையைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கண்ணு, மூணு பேரும் மூஞ்சியக் கட்டீட்டு நின்னா, ஒருத்தன் அடிச்ச அடிக்கு மத்த ரெண்டு பேரும் பேர் கெடோணும். எங்க காலத்துல ஊருக்குள்ள போனா ஏட்டய்யா வந்தாச்சுன்னு சொல்லுவாங்க, மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவாங்க." அன்றைக்கு அடிக்காத அந்த இரண்டு பேரும் இன்றுவரை எங்கள் மனசில் அடித்தவர்களாகத்தான் இருக்கிறார்கள். அது அவர்களுக்கும் அநியாயம்தானே.

கொங்கின் வடகோடியில், தருமபுரி வாச்சாத்தி மலைக் கிராமத்தில் 1992இல் வனத்துறையும் போலீஸும் புகுந்து மக்கள்மேல் நடத்திய வன்கொடுமையை நினைத்துப் பார்க்கிறேன். 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. தீர்ப்பு வர 2011 ஆனது. அதற்குள் 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அதில் 84 பேர் போலீஸார். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 19 வருடம் அந்த மலை ஜனங்கள் விடாமல் நின்றார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் முகத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தால், 269 என்ற அந்தக் கணக்காவது கிடைத்திருக்குமா?

கடைசியாக, உங்களுக்கு இப்படி நடந்தால்: நேரம், இடம், ரோந்து வண்டியின் எண் மூன்றையும் உடனே எழுதி வைத்துவிடுங்கள். அங்கிருந்தே 112க்கு ஒரு போன் செய்யுங்கள், அழைப்பு பதிவாகும். அருகில் பெட்ரோல் பங்க், மில் கேட் என்று எங்கே கேமரா இருந்தாலும், பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்கப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்யுங்கள். எஸ்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுக்கும் அதே வாரத்தில் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனால் ஆணையம் விசாரிக்க முடியாது என்று சட்டம் இருக்கிறது. எங்களுக்கு அது தெரிய வந்தது பதினாலாவது மாதம்.