கோத்தகிரிப் பாறையில் சிவப்பு மணிகள்: எரிமலையா, ஆழமா?

கேள்வி: கோத்தகிரி போகும் வழியில் சாலைக்காக வெட்டிய பாறையில் நீலம் கலந்த சாம்பல் நிறமும், எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பும் இருக்கின்றன. நடுநடுவே சிவப்பு மணிகள். வேன் ஓட்டுநர் "இது எரிமலைக் கல்" என்கிறார். 30 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்தது என்று எங்கோ படித்த நினைவு. எது சரி? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகப் போகிறேன், எதைக் காட்டலாம்? அந்தச் சிவப்பு மாணிக்கமா?

பதில்: நீங்கள் படித்ததுதான் சரி. மாணிக்கம் இல்லை, கார்னெட். கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான், ஆனால் இது இரும்புச்சத்து மிகுந்த வேறு வகை. நகைக்கு ஆகாது, நமக்கோ இதைவிட உதவியான மணி அந்தப் பாறையில் இல்லை.

பாறையின் பெயர் சார்னோகைட். சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கும் அதே வகை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை என்பதால், 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அவர் பெயரையே இதற்கு வைத்தார்.

ஓட்டுநர் சொன்னதையும் முழுசாகத் தள்ள முடியாது. சார்னோகைட் என்பது ஆழத்தில் சூட்டாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை. மாறுவதற்கு முன் இருந்த மூலப்பாறையில் பெரும்பகுதி பாறைக்குழம்பு ஆறி உறைந்ததுதான். ஆனால் அது ஆழத்திலேயே உறைந்தது, வெளியே கொட்டவில்லை. மேலே வந்து சட்டென ஆறும் எரிமலைக் குழம்பில் மணிகள் பெரிதாக வளர நேரம் இருக்காது. தக்காணத்து எரிமலைப் பாறையான பசால்ட்டை உடைத்தால் வெறுங்கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே கறுப்பாகத்தான் தெரியும். உங்கள் பாறையில் மணிமணியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது அல்லவா?

சரி, ஆழம் எப்படித் தெரியும்? கார்னெட்டும் பக்கத்திலுள்ள பைராக்சின் என்ற கருநிறக் கனிமமும் சூட்டைப் பொறுத்து இரும்பையும் மக்னீசியத்தையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கை அளந்தால் வெப்பநிலை கிடைக்கும். கார்னெட், பைராக்சின், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற நான்கு கனிமங்களும் சேர்ந்திருந்தால் அழுத்தத்தையும் கணக்கிடலாம். நீலகிரியில் வெப்பம் ஏறத்தாழ 730 முதல் 750 டிகிரி செல்சியஸ். அழுத்தம் தென்மேற்கில் 6–7 கிலோபார், வடகிழக்கில் மோயாறு பக்கம் 9–10. ஒரு கிலோபார் என்பது சுமார் மூன்றரை கிலோமீட்டர் பாறையின் சுமை. அதாவது ஒரு பக்கம் இருபது சொச்சம் கிலோமீட்டர், மறுபக்கம் முப்பதுக்கும் மேல். இந்த மலைத்தொகுதி நேராக மேலே வரவில்லை, சாய்ந்தபடி வந்திருக்கிறது; வடகிழக்கு ஓரம்தான் அதிகம் உயர்ந்தது. கோத்தகிரி இருப்பதும் அந்தப் பக்கமே.

என்னைக் கேட்டால் இதைவிடச் சுவையான கேள்வி ஒன்று உண்டு. அவ்வளவு ஆழத்தில் உருவான கனிமங்கள் மேலே வரும்போது ஏன் மறுபடி மாறிவிடவில்லை? காரணம், தண்ணீர் இல்லை. சூடு ஏறும்போது மைக்கா போன்ற நீருள்ள கனிமங்கள் சிதைந்து, அவற்றின் இடத்தில் பைராக்சின் வந்தது. நீர் வெளியேறிவிட்டது. திரும்ப மாற நீரும் வேண்டும், சூடும் வேண்டும். பாறையோ காய்ந்து, ஆறிக்கொண்டும் இருந்தது. அதனால் பெரும்பாலும் அப்படியே உறைந்துபோயிற்று. சில இடங்களில் மட்டும் பாதி மாற்றம் தெரியும்: கார்னெட்டைச் சுற்றி வெளிறிய ஃபெல்ட்ஸ்பார் வளையம் இருந்தால், பாறை இன்னும் சூடாக இருக்கும்போதே அழுத்தம் குறைந்திருக்கிறது என்று பொதுவாகப் படிக்கலாம். கைலென்ஸ் எடுத்துப்போய்த் தேடச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது.

காலக் கணக்கைத் தருவது, சிர்க்கான் என்ற நுண்ணிய கனிம மணிகளில் யுரேனியம் மெல்ல ஈயமாக மாறியிருக்கும் அளவு. இந்த உருமாற்றம் நடந்து சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இதைச் சொன்னதும் பிள்ளைகள் தொட்டபெட்டா சிகரத்துக்கு 250 கோடி வயது என்று எழுதிவிடுவார்கள். பாடநூல் படித்தவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு. நிலத்துண்டுகள் மோதி மேலோடு தடித்தது, மேலே இருந்தது அரித்துப் போகப் போக அடியில் இருந்தது மிதந்து உயர்ந்தது, பிளவுகளை ஒட்டித் தள்ளப்பட்டும் வந்தது. இன்று நாம் பார்க்கும் 2,637 மீட்டர் உயரமும் செங்குத்துச் சரிவுகளும் இதற்கெல்லாம் வெகு காலம் பிந்தியவை.

அப்புறம், நேரில் காட்டும்போது வெயில் மழை பட்ட மேல்தோலை நம்ப வேண்டாம். சார்னோகைட்டின் மேல்தோல் பழுப்பாக வெளுத்துச் சாதாரண கிரானைட் மாதிரி ஆகிவிடும். புதிதாக உடைந்த முகத்தில்தான் அந்த எண்ணெய் மினுமினுப்பு தெரியும். பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் கறுப்பான மெல்லிய சுவர்போன்ற பட்டை தென்பட்டால், அது பிறகு பிளவில் குழம்பாக நுழைந்து உறைந்த டோலரைட் என்ற பாறையாக இருக்கலாம், அதைச் சார்னோகைட்டோடு சேர்க்காதீர்கள். சுத்தியல் எடுத்துப் போக வேண்டியதில்லை. காப்புக்காட்டில் கல் உடைக்க அனுமதி கிடையாது, சாலையோரத்தில் விழுந்து கிடக்கும் துண்டுகளே போதும். வெட்டிய சரிவுக்கு நேர் அடியில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம், ஜனவரி பிப்ரவரியில் போங்கள்.