துணி பேசுமா? நிகழ்த்துகலை குறித்துக் கேள்வி பதில்

அக்கா, உடுப்பை வெட்டவிட்டு உட்கார்ந்திருப்பதெல்லாம் கலையா? (தங்கச்சிமடம்)

ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964-இல் கியோட்டோவில் செய்த 'கட் பீஸ்' பற்றிக் கேட்கிறீங்க. தன்னிடம் இருந்ததில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடையில் அசையாமல் உட்கார்ந்தார். முன்னால் கத்தரிக்கோல். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி, ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போகலாம். 1965-இல் நியூயார்க்கில் எடுத்த படத்தைப் பாருங்க: ஓர் இளைஞர் உள்ளாடைப் பட்டையை வெட்டும்போது ஓனோ மார்பைக் கையால் பொத்திக்கொள்கிறார். அவர் ஒன்றும் செய்யவில்லை. வெட்டின கைகள் யாருடையவை என்பதுதான் அங்கே வெளிப்பட்டது. எனக்கு இது பெரிய கலை.

ஜெர்மன் கலைஞர் ஜோசஃப் பாய்ஸ் ஏன் எப்போதும் ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளித் துணி) பயன்படுத்தினார்? (கீழக்கரை)

சூட்டைக் காப்பதால். இரண்டாம் உலகப் போரில் தன் விமானம் விழுந்தபோது கிரிமியாவின் தாத்தார் மக்கள் தன்னைக் கொழுப்பிலும் ஃபெல்ட்டிலும் சுற்றிக் காப்பாற்றியதாகச் சொன்னார். அந்தக் கதையை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

அக்னி தீர்த்தத்தில் விட்டுப்போகிற துணிகளை வைத்துச் செய்யலாமா? (ராமேஸ்வரம்)

தாராளமாக. கொரியக் கலைஞர் கிம் சூஜா 1997-இல், ஊரார் பயன்படுத்திய போர்வைகளை மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றி, 11 நாளில் 2727 கிலோமீட்டர் போனார். ஆனால் அக்னி தீர்த்தத்தில் கிடப்பது, கடலோடு பாவம் போகட்டும் என்று ஒருத்தர் அவிழ்த்த துணி. குப்பையாக மட்டும் காட்டாதீங்க.

கல்லூரி விழாவில் மீன்வலையைச் சுற்றிக்கொண்டு நிற்கப்போறேன். மீனவர் துயரம் புரியுமா? (பாம்பன்)

தம்பி, வெளியூர்க்காரருக்கு வலை என்றால் சிக்கல். நம்ம சனத்துக்கு அது சோறு. அந்த ஒரு இடத்திலேயே உங்க நிகழ்ச்சி பிசகிவிடும். கடையில் வாங்கின புது வலைக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கிழிந்து கிழிந்து தைத்த வலைக்கு இருக்கும்.

இன்னொன்று யோசிங்க. என் சித்தி கடலில் பாசி எடுக்கப் போவார். சேலைக்கு மேல் சித்தப்பாவின் சட்டை. பாறை கிழிக்கும் என்று பழஞ்சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்வார். கரையேறி உருவிப் போட்டால், அந்தத் துணிச்சுருள்கள் உப்பேறிக் காய்ந்து, உள்ளே விரல் இல்லாமலே விரல் மாதிரி விறைத்துக் கிடக்கும். ஒரு வெள்ளை வேட்டியில் அந்தப் பத்தையும் வரிசையாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக உங்க விரலில் மாட்டிப் பாருங்க. நுழையாது. நுழையாததை எல்லாரும் பார்க்கட்டும், பேச்சே வேண்டாம்.

அந்தச் சுருள்களைப் பாசி எடுக்கிற ஒரு அம்மாவிடம் கேட்டு வாங்குங்க. சபையில் பெயர் சொல்லலாமா என்பதையும் அந்த அம்மாவிடமே கேட்டுக்கோங்க.