நாக்கு பெரிதாக இருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைக்குமா?

கேள்வி: பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் டாக்டர் என் வாயைப் பார்த்துவிட்டு, "நாக்கு கொஞ்சம் பெரிசு, ஓரமெல்லாம் பல் பதிந்திருக்கிறது, குறட்டை உண்டா?" என்று கேட்டார். உண்டு. இரவில் எனக்கு மூச்சு நின்று, பிறகு திணறலோடு திரும்புகிறது என்கிறார் மனைவி. வயது 43, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. நாக்கின் அளவை எப்படித் தெரிந்துகொள்வது? ஆபரேஷன் செய்து சிறிதாக்கலாமா?

பதில்: உங்கள் பல் டாக்டர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தால் அதன் அளவு தெரியாது. நாக்கின் பின்பகுதி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தொண்டைப் பக்கம் இறங்கி நிற்கிறது. மூச்சுப் பாதையை அடைப்பது பெரும்பாலும் அந்தப் பகுதிதான்.

நாக்கின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஆண்களுக்குப் பொதுவாகச் சற்றுப் பெரிது, எடை கூடினால் நாக்கும் பருக்கும். அதைவிட முக்கியம், அது கிடப்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. கீழ்த்தாடை சிறுத்தோ உள்வாங்கியோ இருப்பவருக்குச் சாதாரண நாக்கே அதிகம். ஆசியர்கள் பலருக்குப் பெரிய பருமன் இல்லாமலேயே ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நின்று நின்று திரும்பும் நோய்) வருவதற்கு இந்த முக அமைப்பும் ஒரு காரணம். ஓரத்தில் விழும் பல்தடம் காட்டுவதும் இந்த இடநெருக்கடியைத்தான். அதை வைத்து மட்டும் நோய் என்று முடிவுகட்ட முடியாது.

இந்த நெருக்கடியை மதிப்பிட ஓர் எளிய வழி உண்டு. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்கவியல் நிபுணர் சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் விவரித்தது. மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டைக்குள் குழாய் செலுத்துவது கடினமாக இருக்குமா என்று முன்கூட்டியே அறிய வந்த முறை அது. இப்போது நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். வாயை அகலத் திறக்கும்போது உள்நாக்கும் அதன் இரு பக்கத் தொண்டை மடிப்புகளும் தெரிந்தால் முதல் வகுப்பு, மெல்லண்ணம் (மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதி)கூடத் தெரியாதபடி நாக்கு மறைத்தால் நான்காவது.

சரி, பகலில் ஏன் அடைப்பதில்லை? விழித்திருக்கும்போது தாடையோடு இணைந்த தசை நாக்கை முன்னே இழுத்துப் பிடித்திருக்கிறது. தூங்கியதும் அந்தப் பிடி தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிகிறது.

இதில் கொழுப்புக்கும் பங்கு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஷ்வாப் குழுவினர் பருமனானவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். ஸ்லீப் ஆப்னியா இருந்தவர்களின் நாக்கு பெரிதாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருந்தது. 2020இல் அதே குழு 67 பேரை ஆராய்ந்தது. சராசரியாக 10 சதவீதம் எடை குறைந்தபோது மூச்சுத்தடையின் கடுமை 31 சதவீதம் குறைந்தது. அதற்கு முக்கியக் காரணம், நாக்கில் இருந்த கொழுப்பு கரைந்ததே. உங்கள் கணக்கில் 10 சதவீதம் என்பது எட்டு கிலோ. கத்தி வைக்காமல் நாக்கைச் சிறிதாக்க முடியும் என்றால் இதுதான் வழி. இதற்காக நீங்கள் எம்ஆர்ஐ எடுக்க வேண்டியதில்லை.

நாக்கின் அடிப்பகுதியைக் குறைக்கும் ஆபரேஷன்கள் இருக்கின்றன. முதல் சிகிச்சையாக அதை நான் சொல்ல மாட்டேன். பலருக்குத் தொண்டை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சுருங்குகிறது, தவிர, விழுங்குவதும் பேசுவதும் நாக்கை நம்பித்தான்.

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். மூச்சு 10 நொடியாவது நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை முறை என்று எண்ணுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 30ஐ எட்டினால் கடுமையானது. மிதமானதற்கும் கடுமையானதற்கும் பொதுவாக முதலில் சொல்வது, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி. லேசாக இருந்தால், கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பல்செட் போன்ற கருவியை உங்கள் பல் டாக்டரே செய்து தரக்கூடும். தாடையோடு நாக்கும் முன்னே வரும்.

கூடவே தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். தைராய்டு குறைந்தால் நாக்கு தடிக்கும். மோதிரமும் செருப்பும்கூட இறுகி வருகின்றன என்றால் அதையும் சொல்லுங்கள், வளர்ச்சி ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ரிப்போர்ட் வரும்வரை ஒருக்களித்துப் படுங்கள். இரவில் மது வேண்டாம், கேட்காமல் தூக்க மாத்திரையும் போடாதீர்கள். சிக்னலில் நிற்கும்போதே கண் சொக்குகிறது என்றால் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு, டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.