டப்போவில் சப்போர்ட் வொர்க்கர் வேலை: சம்பளத்துக்கு முன் தூரத்தைக் கேளுங்கள்

கேள்வி: கணவரின் 491 என்ற தற்காலிக ரீஜனல் விசாவில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள டப்போவுக்கு வந்திருக்கிறேன். இந்தியாவில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் சப்போர்ட் வொர்க்கர் வேலைக்கு எங்கு பார்த்தாலும் விளம்பரம். தங்களிடம் படிக்காவிட்டால் வேலையே கிடைக்காது என்கிறது ஒரு தனியார் கல்லூரி. ஏபிஎன் என்ற தொழில் எண் எடுத்துத் தனியாகச் செய்தால் இரண்டு மடங்கு சம்பாதிக்கலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கல்லூரி சொன்னதை முதலில் ஒதுக்கிவையுங்கள். சப்போர்ட் வொர்க்கர் ஆவதற்கு, மாற்றுத்திறனாளிகளின் உதவிக்கு அரசு பணம் தரும் என்டிஐஎஸ் திட்டத்தின் விதிகளில் கட்டாயப் படிப்பு எதுவும் இல்லை. பதிவுபெற்ற நிறுவனத்தில் சேர என்டிஐஎஸ் வொர்க்கர் ஸ்கிரீனிங் செக் என்ற பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும். மாநில அரசின் சர்வீஸ் என்எஸ்டபிள்யூ வழியாக விண்ணப்பிக்கலாம்; ஐந்து ஆண்டுகளுக்கு, நாடு முழுக்கச் செல்லும். குழந்தைகளோடு வேலை என்றால் வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்கும் எடுங்கள். அப்புறம் முதலுதவிச் சான்றிதழ், என்டிஐஎஸ் ஆணையம் இணையத்தில் இலவசமாகத் தரும் அறிமுகப் பயிற்சி, ஓட்டுநர் உரிமம், ஓடுகிற கார். இவ்வளவு இருந்தாலே விண்ணப்பிக்கத் தொடங்கலாம்.

இந்த வேலைக்கான சர்டிபிகேட் 3 படிப்பு வீண் என்று சொல்லவில்லை. அதில் வரும் 120 மணி நேரக் களப்பயிற்சி நல்ல விஷயம். ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு டேஃப் என்ற அரசுத் தொழிற்கல்லூரியில் இலவச இடம் பெரும்பாலும் கிடைக்காது, முழுக் கட்டணம் விழும். சில மாதங்கள் வேலை செய்து பார்த்து, இது நமக்கு ஒத்துவரும் என்று தெரிந்தபின் படிக்கலாமே. ஊழியர் படிப்புக்கு உதவும் நிறுவனங்களும் உண்டு.

ஆள் தேவை இருப்பது உண்மைதான். 2013ல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கிய என்டிஐஎஸ் 2020க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. இன்று அதில் 7 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பெருநகரங்களுக்கு வெளியே பணம் வந்த வேகத்துக்கு ஆட்கள் வரவில்லை. இளைஞர்கள் சிட்னிக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களை மருத்துவமனையும் முதியோர் இல்லமும் இழுக்கின்றன. திட்டத்தில் பணம் ஒதுக்கியும் வீட்டுக்கு வர ஆளில்லாத குடும்பங்கள் பல. செலவாகாத பணத்தைப் பார்த்து அடுத்த மறுஆய்வில் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு அவர்களுக்கு.

ஆனால் ஆள் தேவை என்பதற்காக உங்களுக்கு முழுநேர வேலை காத்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். தேவை சிதறிக் கிடக்கிறது. காலை ஏழு மணிக்கு டப்போவில் ஒருவரைக் குளிக்கவைத்து உடுத்த உதவ வேண்டும்; மதியம் யாருமில்லை; மாலையில் நரோமைனில் ஒருவருக்குச் சமையலில் உதவ வேண்டும். நரோமைன் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், எதிர்ப்பக்கம் வெலிங்டன் 50. நாள் முழுதும் கழிந்திருக்கும், கணக்கில் நான்கு மணி நேரம்தான் இருக்கும்.

நிறுவனங்கள் தூரத்துக்கு யோசிப்பதற்கும் காரணம் இருக்கிறது. மோனாஷ் அளவுகோல் என்று, எவ்வளவு ஒதுக்கமான ஊர் என்பதை வைத்து ஊர்களை ஒன்றிலிருந்து ஏழு வரை பிரித்திருக்கிறார்கள். ஆறாம் பிரிவில் என்டிஐஎஸ் விலை 40 சதவீதம் கூடும், ஏழில் 50 சதவீதம். அதற்குக் கீழே உள்ள ஊர்களுக்குப் பொதுவாகக் கூடுதல் விலை இல்லை. பயண நேரத்துக்கும் முதல் மூன்று பிரிவுகளில் 30 நிமிடம், நான்கிலும் ஐந்திலும் 60 நிமிடம் வரைதான் கட்டணம் கேட்கலாம். விசா விதிகளில் பெர்த், அடிலெய்டு போன்ற பெரிய நகரங்கள்கூட ‘ரீஜனல்’. என்டிஐஎஸ் விலையில் அந்தக் கணக்கு செல்லாது. நடுவில் மாட்டிய ஊர்களின் தூரச் செலவை யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். நீங்கள் கவனிக்காவிட்டால் அது உங்கள் பெட்ரோலில் போய் விழும்.

ஆகவே நேர்காணலில் மணிக்கு எவ்வளவு என்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி? ஒருவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா? கிலோமீட்டருக்கு எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். இந்தத் துறைக்கான ஷேட்ஸ் ஊதிய ஆணைப்படி கேஷுவலுக்கு, அதாவது அழைக்கும்போது மட்டும் வரும் நிரந்தரமற்ற வேலைக்கு, 25 சதவீதம் கூடுதல் உண்டு. மாற்றுத்திறனாளி சேவையில் கேஷுவலோ பகுதிநேரமோ, ஒரு முறை அழைத்தால் குறைந்தது இரண்டு மணி நேரச் சம்பளம் தர வேண்டும். ஷிஃப்டை இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் அந்த இரண்டு மணி நேரம் பொருந்தும், தனிப் படியும் உண்டு. முதியோர் சேவையும் நடத்தும் நிறுவனமாகப் பார்த்தால் இன்னும் நல்லது. என்டிஐஎஸ் செக்கை அங்கேயும் ஏற்பார்கள். காலியாகக் கிடக்கும் மதியங்கள் நிரம்பும்.

இனி ஏபிஎன். 2025-26ல் வார நாள் பகல்நேர உதவிக்கு என்டிஐஎஸ் வைத்த உச்சவரம்பு மணிக்கு 70.23 டாலர். உங்கள் நண்பர் இந்த எண்ணைத்தான் பார்த்திருப்பார். அதிலிருந்துதான் நிறுவனம் உங்கள் 12 சதவீத சூப்பர் (ஓய்வுக்கால நிதி), காப்பீடு, பயிற்சி, மேற்பார்வை எல்லாவற்றையும் பார்க்கிறது. தனியாகப் போனால் அதெல்லாம் உங்கள் தலையில். லீவும் இல்லை, விழுந்து முதுகு பிடித்தால் இழப்பீடும் இல்லை. பதிவு செய்யாமல் இயங்கினால், என்டிஐஎஸ் பணத்தை அரசு முகமையே நிர்வகிக்கும் பயனாளிகளிடம் வேலை எடுக்கவும் முடியாது. அனுபவம் உள்ளவர்களுக்கு ஏபிஎன் சரிப்படும். புதியவருக்கு, அதிலும் பக்கத்தில் கேட்டுக்கொள்ள ஆளில்லாத ஊரில், நான் சொல்லமாட்டேன். வலிப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது, ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியில் ஒருவரை எப்படித் தூக்குவது என்பதையெல்லாம் மேற்பார்வையாளர் உள்ள இடத்தில் ஓராண்டாவது கற்றுக்கொள்ளுங்கள். வேலை நேர அட்டவணையும் சம்பளமும் தாங்களே முடிவு செய்துவிட்டு உங்களை மட்டும் ஏபிஎன் எடுக்கச் சொல்லும் நிறுவனம் என்றால் விலகிவிடுங்கள். அது போலி ஒப்பந்தமாக இருக்கலாம், வேலை உரிமைகளைப் பார்க்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனிடம் கேட்கலாம்.

ஆசிரியப் பழக்கம் உங்களுக்கு நன்றாகக் கைகொடுக்கும்: பொறுமை, நடந்ததைத் தெளிவாக எழுதிவைப்பது. ஷிஃப்ட் முடிந்ததும் குறிப்பு எழுதுவது இந்த வேலையில் பாதி. அதே பழக்கம் இடிக்கும் இடமும் உண்டு. எதிரில் இருப்பவர் மாணவர் இல்லை. என்ன உடுத்துவது, எங்கே போவது என்று முடிவு செய்வது அவர்தான்.

விண்ணப்பிக்கும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: முன்பின் தெரியாத ஒருவரைக் குளிப்பாட்டவும் கழிப்பறையில் உதவவும் முடியுமா? தயக்கம் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே அழைத்துப்போவது, கடைக்குத் துணை, குழந்தைகளோடு வேலை என்று வேறு பணிகளும் இருக்கின்றன. நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே, காரை வேலைக்கு ஓட்டப்போவதாகக் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.