கொடைக்கு வரி கொடுக்காதவர்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் களக்காட்டுப் பக்கம், வேலை பாளையங்கோட்டையில். கல்லூரி நாட்களிலிருந்தே கடவுள் நம்பிக்கை கிடையாது. இந்த வருடம் எங்கள் இசக்கியம்மன் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, ஊரில் பிரிக்கும் வரியைத் தர மாட்டேன் என்றேன். குடும்ப வாட்ஸப் குழுவில் சாமியாட்டத்தைக் கிண்டல் செய்தும் எழுதினேன். பெரியப்பா வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. பெண் பார்த்த இடத்திலும் விஷயத்தை நேராகச் சொன்னேன், பின்வாங்கிவிட்டார்கள். பெரியார் மண்ணில் நாத்திகனை ஏன் இப்படி ஒதுக்குகிறார்கள்? நாளை அப்பாவுக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்றால் என்ன ஆகுமோ?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அரசாங்க ஏட்டில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அமைச்சர்கள் பலர் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்று கடவுள் பெயர் இல்லாமல்தான் பதவியேற்கிறார்கள். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும். மேடையில் நிற்கும் நாத்திகரை நம் ஆட்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டாயிற்று, திருநீறு பூசிய கையால் ஓட்டும் போட்டாயிற்று. தகராறெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் நாத்திகரோடுதான்.

நம் பக்கத்தில் கொடை வரி என்பது தலைக்கட்டுக் கணக்கும்கூட, ஊரில் எந்தெந்தக் குடும்பம் சேர்த்தி என்கிற கணக்கு. வரி கொடுத்தவர் ஊரில் ஒருவர். கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்குதான் பேசும். சாமி இல்லை என்று நீங்கள் சொன்னதைப் பெரியப்பா பொறுத்துக்கொண்டிருப்பார். வரி தர மாட்டேன் என்றதும், ‘இவன் நம்ம ஆள் இல்லை’ என்று முடிவு கட்டிவிட்டார். வரியைக் கொடுங்கள். கொடைச் சாப்பாட்டுக்கு, வில்லுப்பாட்டுக்கு என்று சொல்லியே கொடுங்கள். உங்கள் தோழர்கள் இதைச் சமரசம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்பாத சாமி முன்னால் கையைக் கூப்பி நடித்தால்தான் அது சமரசம்.

கிண்டல் விஷயத்தில் நான் பெரியப்பா கட்சி. நம் சாமிகளில் பலர் அநியாயமாகச் செத்த மனிதர்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயனாக நிற்பவன் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு, மாடு திருட வந்தவர்களோடு சண்டைபோட்டுச் செத்தவன். அவனுக்கு இன்றைக்கும் செருப்பைக் காணிக்கையாகக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். சாதியைப் பற்றி ஊரோடு பேச இதைவிட நல்ல இடம் எது? அவன் கதையைச் சொல்லும் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தவர் நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை, மார்க்சியர். உங்கள் பாளையங்கோட்டைக்காரரான பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன், 2020 டிசம்பரில் மறைந்தவர், கடைசிவரை பெரியாரியர். சுடலைமாடனையும் இசக்கியையும் பற்றி அவர் பேசினால் சாமியாடிகளே உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவு வாஞ்சை. நம்பிக்கை இல்லாமலே ஒரு சாமியின் கதையை அறிந்திருக்க முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஆள் இருந்திருக்கிறார்கள்.

1953இல் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தாரே என்பீர்கள். அவர் ஊரறிய, தேதி சொல்லி, பொது இடத்தில் உடைத்தார். அருள் வந்து ஆடும் அத்தையின் படத்துக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போடுவது அந்தக் கணக்கில் வராது.

பெண் வீட்டாரிடம் மறைக்காமல் சொன்னது சரி. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வுகளில், நாத்திகர் மீதான விலக்கத்துக்கு அடியில் இருப்பது முக்கியமாக அவநம்பிக்கை என்று கண்டார்கள். மேலே ஒருத்தன் பார்க்கிறான் என்ற பயம் இல்லாதவன் எதையும் செய்வான் என்கிற எண்ணம். நம்மைச் சுற்றி நாத்திகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரியவந்தால் அது குறைவதையும் அதே குழுவினர் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்தப் பயம் சின்னச் சின்னக் கேள்விகளாக வரும். என் மகளை விளக்கேற்ற விடுவானா? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு அனுப்புவானா? பிள்ளைக்குக் காது குத்தலாமா? அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் நாங்களேதான் இறங்கிவர வேண்டுமா என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். நம்பிக்கை உள்ளவர்களும் சும்மா ‘வயசானா சரியாப் போயிரும்’ என்று சிரிப்பதை நிறுத்தலாம், வலிய நீறு பூசிவிடுவதை நிறுத்தலாம். அப்புறம், உங்கள் நிலைமை இலேசானது. இதையே ஒரு மருமகள் சொன்னால் வீடு என்ன பாடுபடும்? கோவையில் கடவுள் மறுப்பாளர் ஃபாரூக் 2017 மார்ச்சில் வெட்டிக் கொல்லப்பட்டார். எனவே எல்லோரும் வெளியே வந்து அறிவியுங்கள் என்று பொத்தாம்பொதுவாக நான் சொல்ல மாட்டேன். யாரிடம், எப்போது என்பது அவரவர் முடிவு.

கொள்ளி விஷயத்தை அப்பாவிடமே கேளுங்கள், அவர் நன்றாக இருக்கும்போதே. அவர் வேண்டும் என்றால் நானாக இருந்தால் வைப்பேன். அது அவருடைய சாவு, அவர் நம்பிக்கைப்படி நடக்கட்டும். உங்கள் உடலைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைப்பது உங்கள் உரிமை. ஆனால் அன்றைக்கு உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் வரப்போகிற மனைவியிடமும், இப்போது பேசாமல் இருக்கிற பெரியப்பா மகன்களிடமும் சொல்லிவையுங்கள்.